பந்தக்கால் குழியும் இருபது வருசத்து ரோடும்

1

எங்கள் தெருவை அகலப்படுத்தினார்கள். அதற்குக் கோடு போட்டவன் நானேதான்.

கோலாலம்பூருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கட்டிய புதுக்குடியிருப்பு இது. நாங்கள் குடிவந்த புதிதில் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். இப்போது வீட்டுக்கு ஒரு கார். கார் இல்லாத வீட்டில் மோட்டார் சைக்கிள். காலையில் தெருவைக் கடக்க நான் நிற்கிற நேரத்தில் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். இன்னும் இருபது வருசம் கழித்து இங்கே எவ்வளவு வண்டி ஓடும் என்று கணக்குப் போட்டு, இன்னும் பிறக்காத அந்த வண்டிகளுக்கு இன்றைக்கே ரோடு போட்டு வைப்பதுதான் எங்கள் ஆபீஸின் வேலை. எஞ்சினியர் பென்சிலால் கோடு இழுப்பார். டிராப்ட்ஸ்மேனாகிய நான் அதன்மேல் மசி ஏற்றுவேன்.

ஒருநாள் மேசைக்கு வந்த படத்தில் எங்கள் வீடும் இருந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற புல்தரை மட்டும் முழுக்கப் போகிறது. அது சர்க்கார் நிலம்தான், எங்கள் பட்டாவில் சேராது. கேட்க ஒன்றுமில்லை.

பட்டைக்கோலை வைத்து, கோட்டுப் பேனாவில் மசி ஊற்றி, ஒரே இழுப்பாக இழுத்தேன். கோடு பிசகவில்லை. பக்கத்து மேசைச் சீனர் எட்டிப் பார்த்து, "இது உன் வீடு இல்லையா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். மசி காய்வதற்கு வாயால் ஊதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

என் மனைவி மீனாட்சி இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

"அங்கே வாழ்க்கை எப்படி, எழுதுங்களேன்" என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எப்படியும் இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன். கடையில் ரொட்டி தின்கிறேன். பஸ் ஏறுகிறேன், கோடு போடுகிறேன், பஸ் ஏறுகிறேன், வருகிறேன். மழை பெய்தால் துணியை உள்ளே எடுக்க வேண்டும் என்று தோன்றும்போது துணி நனைந்து முடிந்திருக்கும். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கிறது. நடக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் புல்தரையில் நாலு குழி இருக்கிறது. கடைசியாக அவற்றைத் திறந்தது மீனாட்சியின் சாவுக்கு. அப்படியே மூடினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

2

அது என்ன குழி என்பது புதுக்கோட்டையை ஒட்டிய எங்கள் திருக்கோகர்ணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பூமி செம்பாறாங்கல். மண்வெட்டியால் கொத்தினால் பொறி பறக்கும். கல்யாணமோ சாவோ வந்தால் வாசலில் பந்தல் போட வேண்டும், பந்தலுக்குக் கால் ஊன்ற வேண்டும். சாவு என்ன, நாள் சொல்லிவிட்டா வருகிறது? பிணத்தைக் கிடத்திவிட்டுக் கடப்பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு குழி எப்போதுமே இருக்கும். இரண்டு சுவரை ஒட்டி, இரண்டு ரோட்டோரமாக. மேலே ஒரு பலகைக்கல்லை மூடி வைத்திருப்பார்கள். வேண்டும்போது கல்லைத் தள்ளிவிட்டு மூங்கிலை இறக்கினால் வேலை முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பந்தலோடு நம் பந்தலும் சேர வேண்டுமே என்று எல்லாரும் ஒரே நேராகத்தான் குழி வெட்டியிருப்பார்கள். ரோட்டோரம் அந்த மூடிகள் தெருக்கோடி வரை நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம். நான் புதுக்கோட்டை எஞ்சினியர் ஆபீஸில் டிரேசர். அதாவது பெரியவர்கள் வரைந்ததன்மேல் மெழுகுத்துணியை விரித்துப் படியெடுக்கிறவன். ராஜா ஆபீஸாக இருந்தது திடீரென்று திருச்சி ஜில்லாவின் ஒரு கிளை ஆகிவிட்டது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திருச்சிக்கு லாரி ஏறின. நாற்காலிக்குப் பிறகு ஆட்கள் என்று எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அப்போதுதான் திருச்சியிலிருந்து ஒரு ஓவர்சியர் வந்தார். ஊர் வடக்கே திருக்கோகர்ணம் பக்கமாக வளர்கிறது, வருங்காலத்தில் பஸ்ஸும் லாரியும் பெருகும், ரோட்டை இப்போதே அகலப்படுத்தத் திட்டம் போட வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அளவுச் சங்கிலியின் ஒரு முனையை நான் பிடித்தேன். என் தெருவிலேயே என்னை அளக்கவிட்டார்கள்.

கருப்பையா மாமா வீட்டு வாசலில் ஓவர்சியர் நின்றார். கருப்பையா எனக்குத் தூரத்து மாமா முறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் வணங்கவும் மாட்டார், யாரையும் முறைக்கவும் மாட்டார்.

"இந்தக் கல்லெல்லாம் வரிசையா இருக்கே, எல்லைக் கல்லா?" என்று ஓவர்சியர் கேட்டார்.

மாமா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைப் பார்த்தேன்.

"அதுக்கு அங்கிட்டு ரோடுங்க. இங்கிட்டு எங்க பொழக்கம்" என்றார் மாமா.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஓவர்சியர் தலையாட்டிவிட்டு எதிர் வாசலில் கேட்டார். அங்கேயும் அதே பதில். தெரு முழுக்க அதே பதில். முன்கூட்டிப் பேசிவைத்ததல்ல, சத்தியமாக. ஒருவர் சொன்னது அடுத்த வாசலுக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

"ஊருன்னா இப்படி இருக்கணும். ஒரு கல்லு பிசகலை பாருங்க" என்று ஓவர்சியர் என்னிடம் மெச்சிக்கொண்டார். இரண்டு பக்கத்து மூடிகளுக்கு நடுவில் ரோடு என்று பென்சிலால் போட்டார். நான் அதை மெழுகுத்துணியில் படியெடுத்தேன். சர்க்கார் கணக்கில் எங்கள் பந்தல் இடம் அன்றைக்கு எங்களுடையதாக ஆனது.

அவர் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, ரெண்டு பஸ்ஸும் நாலு கட்டை வண்டியும் போறதுக்கு இம்புட்டு ரோடு எதுக்குங்கறேன்?"

"இருவது வருசம் கழிச்சு வர்ற வண்டிக்காம் மாமா."

"இருவது வருசம் கழிச்சு வர்ற வண்டிக்கு எடம் இருக்கு. என் வாசல்ல குந்துறவனுக்கு எடம் வேணாமா?" என்றவர், சட்டென்று குரலை இறக்கிக்கொண்டார். "வேற ஒண்ணுமில்லப்பா. பயலுக்குத் தொறந்த குழி. அப்படியே தூத்துட்டாங்கன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் மகன் அந்த வருசம்தான் காய்ச்சலில் போயிருந்தான். துக்கத்துக்குத் திறந்த குழியை அடுத்து ஒரு நல்லதுக்குத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் தூர்த்துவிட்டால் அந்த வீட்டில் அதன்பிறகு நல்லதே நடக்காது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. இதை நான் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்யவில்லை.

3

அந்தக் குழியை நல்லதுக்குத் திறந்தது என் கல்யாணத்துக்குத்தான். மாமாவின் மகள்தான் மீனாட்சி.

அண்ணன் சாவுக்கு இறக்கிய அதே குழியில், பாலும் நவதானியமும் விட்டு, மஞ்சள் பூசின மூங்கிலை இறக்கினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மீனாட்சி கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். கல்யாணப் பெண் எதற்காக அழுகிறாள் என்று யாரோ அதட்டினார்கள். பிறகு ஒருநாள் நானே கேட்டேன். "அண்ணன் போனதுலேருந்து அந்த மூடியைப் பாக்கவே முடியாதுங்க. காலு எறங்குனதும் அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள்.

அடுத்த வருசம் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். மலாயாவில் இருந்த என் தாய்மாமன் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். நான் முன்னால் வந்தேன். மீனாட்சி கைக்குழந்தையோடு பின்னால் வந்தாள். பிறகு இந்தியாவுக்கு ஒரே ஒரு தடவைதான் போனோம், மாமா இறந்ததற்கு. அதுவும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருக்கோகர்ணத்து ரோடு அகலமாகவே இல்லை. திட்டம் எந்த அலமாரியில் தூங்கியதோ. கல்மூடிகள் அப்படியே நின்றன.

பல வருசம் வாடகை வீடு. கடைசியில் இந்தப் புதுக்குடியிருப்பில் தவணையில் ஒரு வீடு கிடைத்தது. சாவியை வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன். குழாய் திறந்து பார்ப்பாள், அடுப்படியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க பந்தக்கால் எங்க ஊண்டுறது?"

"மொதல்ல உள்ள வா. வீட்டுக்கு வந்த அன்னைக்கே எந்தப் பந்தலைப் பத்தி யோசிக்கிறே?"

"செல்வி கல்யாணப் பந்தலைத்தான். வேற எதை யோசிப்பாங்க?"

செல்வி எங்கள் ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே மண் மெத்து மெத்தென்று இருக்கும், குழியே வேண்டாம், கையாலேயே கம்பைச் செருகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! "மழைக்குச் சரிஞ்சு பந்தல் மாப்பிள்ளை தலையில விழவா?" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கடைக்குப் போடுகிற மண்குழாயை நாலு துண்டு வாங்கி வந்து புல்தரையில் புதைத்தேன். மேலே பலகைக்கல்லுக்கு எங்கே போக? பிஸ்கோத்து டின்னின் மூடிகளைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் வைத்தாள். எதிர்வீட்டு மலாய்க்காரர், கக்கூஸ் கட்டுகிறீர்களா என்று கவலையோடு விசாரித்தார். எனக்கிருந்த மலாயில் பந்தக்காலை விளக்க முடியவில்லை. "கல்யாணத்துக்கு" என்றேன். அவர் இன்னும் குழம்பிப்போனார்.

சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் சாலை நிலத்தில் குழி தோண்டியது எவனாவது பெரிய ஆபீஸர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு உதறல்தான். புல் வளர்ந்து மூடிக்கொண்டது.

4

செல்வி படித்து முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். பட்டணத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். மாதம் ஒரு தடவை வருவாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அம்மாவிடம் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். அம்மா "ம்" கொட்டிவிட்டு, என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று என்னிடம் வந்து கேட்பாள்.

ஒரு தடவை வந்தபோது ராஜு என்று ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அதே இலாகாவில் டெலிபோன் கம்பம் நடுகிற வேலை. தமிழ்ப் பையன்தான். தோட்டத்தில் பிறந்தவன், சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை.

"எந்த ஊருடி?" என்றாள் மீனாட்சி.

"இங்கதாம்மா. எஸ்டேட்."

"அது இல்ல. அவுக அப்பா எந்த ஊரு? தஞ்சாவூரா, சேலமா, நம்ம பக்கமா?"

"அவருக்கே தெரியாதும்மா. அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன். எந்த ஊருன்னே தெரியாதவனை எப்படி நான் மருமகன்னு சொல்றது? யாருகிட்டன்னு போய் விசாரிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், "கம்பம் நடுறவனாம்" என்று ஒரு இழுப்பு இழுத்தாள். செல்வி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சில மாதத்தில் மீனாட்சிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு செல்வி ஓடி வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவில் இருந்த தமிழர்கள் கம்பு கொண்டு வந்தார்கள். "எங்க ஊண்டலாம்?" என்று ஒருவர் கேட்டார். நான் போய்ப் புல்லை விலக்கி மூடிகளைக் காட்டினேன். செல்வி கல்யாணத்துக்குப் போட்ட குழியில் மீனாட்சியின் சாவுக்குக் கால் இறங்கியது. "அட, ரெடியா வச்சிருக்கீங்களே!" என்றார் அவர். நல்ல மனுசன்தான், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் வந்தார். சின்ன வயது மலாய்ப் பையன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டு நிலத்தில் கூடாரம் போட அனுமதி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். பஸ் திரும்ப முடியவில்லையாம். என் ஆபீஸ் கட்டடத்தில்தான் அந்த அனுமதியும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் போனேன். மனுவில் 'என்ன நிகழ்ச்சி' என்று ஒரு இடம். நம் ஊர் இங்கிலீஷில் எதுவானாலும் 'பங்ஷன்' தானே? அப்படியே எழுதிவிட்டேன். குமாஸ்தா முத்திரை குத்தி, கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்துகொண்டேன்.

அழவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

5

கோட்டுக்கு மசி ஏற்றிய வாரத்திலேயே எஞ்சினியர் நேரில் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குறைவாகப் பேசுவார். அளவு நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு முன்னால் நானே நின்றேன். திருக்கோகர்ணத்தில் சங்கிலி பிடித்த மாதிரியேதான்.

அவருடைய பூட்ஸ் ஒரு மூடியில் இடறியது. குனிந்து புல்லை விலக்கினார். ஒன்று, இன்னொன்று, மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன இது? தண்ணி லைனோ?"

மாமா சொன்ன பதில் எனக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இங்கே அது செல்லாது. இந்த ஊரில் எந்த எல்லை எங்கே என்பது படத்தில் இருக்கிறது, படம் என் மேசையில் இருக்கிறது.

"பந்தல் போட சார். என் மனைவி போடச் சொன்னது."

அவர் மீனாட்சியின் மரணத்துக்கு வந்திருந்தார், அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திரும்ப வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"மழைக்கு முன்னம் வேலை துவங்கவேணும். அது உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"அதுக்குள்ள செய்ய இருக்கிறதைச் செய்யும்" என்றார்.

செய்ய இருக்கிறது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? பொதுவாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அது உத்தரவு மாதிரி விழுந்தது. வருசத் திதி முடியாமல் வீட்டில் நல்ல காரியம் வைக்க முடியாது. மழைக்கு முன்னாலேயே ரோலர் வந்துவிடும். நடுவில் இருக்கிற சில வாரங்கள்தான் எனக்கு.

6

பஸ் ஏறி செல்வியின் ஹாஸ்டலுக்குப் போனேன். பத்து மாதத்தில் அவளைத் தேடி நான் போனது அதுதான் முதல் தடவை. வரவேற்பு அறையில் ஆண்கள் உட்கார ஒரு பெஞ்சு. அதில் தொப்பியும் குடையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா திடீர்னு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன. தெருவை அகலப்படுத்துறாங்க."

"அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பந்தக்கால் குழி போகுது."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அம்மா சொல்லி இதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் மறந்ததைக்கூட அவள் மறக்கவில்லை போலிருக்கிறது.

"ஒன் கல்யாணம் எப்ப?" என்றேன்.

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதிக்கலாம்னு இருக்கோம். ஒங்களைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் சொல்லல."

"எழுதிக்க. நான் குறுக்க நிக்கல. காலை மட்டும் நம்ம வாசல்ல ஊண்டணும். திதி முடிஞ்ச கையோட."

அவள் முகம் கோணிக்கொண்டது. "அம்மா வேணாம்னு சொன்ன ஆளு அப்பா அவரு. அவரைக் கூட்டிட்டு வந்து அம்மா குழியிலயே கால் ஊண்டச் சொல்றீங்களா? அது எனக்கே என்னமோ மாதிரி இருக்கு."

எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது.

"ஒங்கம்மாவுக்கு ரெண்டு பிடிவாதம். ஊரு தெரியாதவன் வேணாம்ங்கிறது ஒண்ணு. துக்கத்தோட குழியை மூடக்கூடாதுங்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் காப்பாத்த என்னால முடியல ஆத்தா. ஒண்ணைத்தான் முடியும். ஊரைப் பத்திச் சொன்னது கோவத்துல சொன்னது, ரெண்டு மாசம் போயிருந்தா அவளே எறங்கி வந்திருப்பா. குழியைப் பத்திச் சொன்னது அப்படியில்ல. அதுக்கு அவ எறங்கி வரவே மாட்டா."

"ஒங்களுக்கு அதுல நம்பிக்கை இருக்கா?"

"எனக்கு எதுலயும் ஒண்ணும் இல்ல இப்போ. அவளுக்கு இருந்துச்சு."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்த்தபடியே, "சரிப்பா. லீவு கேக்கிறேன்" என்றாள்.

7

திதி முடிந்தது. கால் ஊன்ற ஒரு புதன்கிழமை குறித்தோம். ரோடு போடுகிற ஆட்கள் அதற்குள் தெருவின் அந்தக் கோடியிலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ரோலரின் இரைச்சல் வீட்டுக் கண்ணாடியை நடுக்கிற தூரத்தில் இருந்தது.

ராஜு மூங்கிலைத் தானே வெட்டிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். மூடிகள் துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. ஈசானி மூலை மூடியை நான் எடுத்தேன். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது, ஒரு தவளை. போன வருசப் பந்தலில் அறுத்துவிட்ட கயிற்றுத் துண்டு ஒன்றும் கிடந்தது. ராஜு மண்டிபோட்டுக் கையை விட்டு எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டான். அந்தக் கயிறு எதற்குக் கட்டியது என்று அவனுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பால் ஊற்றுவதற்குச் சுமங்கலிகள் வேண்டும். மூங்கிலை யோசித்தேன், மஞ்சளை யோசித்தேன், மாவிலையை யோசித்தேன். இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதெல்லாம் மீனாட்சி பார்க்கிற வேலை. தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சொம்பில் பாலை வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி வாசலில் நின்றேன்.

"ஏப்பா ராஜு, கொஞ்சம் பொறு. இங்கிட்டு யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வாரேன்" என்றேன்.

ரோட்டில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நின்றாள். தலையில் துண்டு, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

"அய்யா, பேச்சு நம்ம பக்கமா இருக்கு? எந்த ஊருங்க?"

"திருக்கோகர்ணம்."

"அடி ஆத்தி! நான் அறந்தாங்கிப் பக்கமுங்க. என்ன விசேசம்?"

"மகளுக்குக் கல்யாணம். கால் ஊண்டணும். பால் ஊத்தச் சுமங்கலிக யாருமில்ல."

அவள் பெயர் பாக்கியம். கூடையை இறக்கிவிட்டுக் கூடவந்தவர்களைக் கூப்பிட்டாள். எல்லாருமாகப் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள், எங்கள் குழாயடியில் தார்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். தார் போகவில்லை. "பரவால்ல ஆத்தா" என்றேன். ரோலர் ஓட்டிய மலாய்க்காரர் என்ன நினைத்தாரோ, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். தெரு அமைதியாகிவிட்டது.

பாக்கியம் பாலை ஊற்றினாள். நவதானியத்தைப் போட்டாள். ராஜு மூங்கிலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்து இறக்கினான். அது அசையவில்லை. கம்பம் நடுகிறவன் அல்லவா! பெண்கள் குலவை போட்டார்கள். கார் ஹாரனையும் ரோலரையும் தவிர வேறு சத்தம் கேட்டிராத அந்தத் தெருவில் திருக்கோகர்ணத்துக் குலவை எழும்பியது. செல்வி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவள் அம்மா நின்ற மாதிரியே நின்றாள்.

"மாப்பிள்ளைத் தம்பிக்கு எந்த ஊரு?" என்று பாக்கியம் கேட்டாள்.

ராஜு என்னைப் பார்த்தான்.

"இதே ஊருதான் ஆத்தா" என்றேன் நான்.

8

கல்யாணம் நடந்தது. பந்தலைப் பிரித்த மறுநாள் காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது பாக்கியம் புல்தரையில் நின்றாள். கையில் மண்வெட்டி.

"அய்யா, இன்னைக்கு ஒங்க வாசலுக்கு வந்துட்டோம். தூத்துரலாமுங்களா?"

"தூத்துரு ஆத்தா."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் கையால் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். பிறகுதான் ஜல்லி. நாலு குழியும் சீக்கிரமே நிறைந்துவிட்டன. நான் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

மேசையில் எஞ்சினியர் அடுத்த தெருவின் படத்தை வைத்திருந்தார். அங்கேயும் இருபது வருசத்து வண்டிகள், அங்கேயும் வாசல்கள். பட்டைக்கோலை வைத்து, பென்சில் கோட்டின்மேல் பேனாவை வைத்தேன். கோடு பிசகியது. மசி சொட்டிப் படத்தில் பரவியது. துடைக்கப் போய் இன்னும் பரவியது. பக்கத்து மேசைச் சீனர் எழுந்து வந்தார். பேனாவை என் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டு, கொஞ்சம் வெளியே போய்விட்டு வா என்றார்.

பின்பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மீனாட்சி போனதற்கு அன்றைக்குத்தான் அழுதேன். அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாக அழுதேன். யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்தினார்கள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். பிளேடால் மசியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை மறுபடியும் போட்டேன்.